மடிக்கு ஒரு நாய், ஓட்டத்துக்கு ஒரு நாய்

நாய் இனங்களில் பெரும்பாலானவை ஒரு தொழிலை ஒட்டி உருவானவை. ஆட்டுக்கிடையைக் காக்க ஒன்று, வளைக்குள் பதுங்கிய விலங்கை வெளியே இழுக்க ஒன்று, சுடப்பட்ட வாத்தைக் குளத்திலிருந்து கவ்வி வர ஒன்று, அரண்மனைச் சீமாட்டியின் மடியில் கதகதப்பாகக் கிடக்க ஒன்று என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்து உருவாக்கியவை அவை. தொழில்கள் பெரும்பாலும் போய்விட்டன. அந்தத் தொழிலுக்காக அமைந்த உடலும் சுபாவமும் நாயோடு தங்கிவிட்டன. மூன்றாவது மாடி வீட்டில் நாய் வளர்க்க ஆசைப்படும் குடும்பத்தில் “சின்ன நாயா, பெரிய நாயா?” என்ற கேள்விதான் முதலில் எழும். அதைவிட உபயோகமான கேள்வி, இந்த நாய் என்ன வேலைக்குப் பிறந்தது, அந்த வேலைக்கு ஈடாக இந்த வீட்டில் அதற்கு என்ன கிடைக்கும் என்பது.

தமிழ்நாட்டு நகரங்களில் இந்தத் தேர்வு பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிகிறது. ஒரு பக்கம் பக், ஷிட்சு, பொமரேனியன், லாசா ஆப்சோ, சிவாவா போன்ற சிறிய துணை நாய்கள். இன்னொரு பக்கம் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பானியல் போன்ற, வேட்டைக்காரனோடு நடந்து பழகிய துடிப்பான நாய்கள். உலகிலேயே பழமையான கென்னல் கிளப் 1873இல் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. அது இரண்டாம் வகையைத் துப்பாக்கி நாய்கள் என்ற தொகுப்பில் வைத்திருக்கிறது. 1884இல் பிறந்த அமெரிக்கக் கென்னல் கிளப் ஏறக்குறைய அதே நாய்களை ‘ஸ்போர்ட்டிங்’ என்கிறது. இங்கே ‘ஸ்போர்ட்’ என்பது பந்தாட்டம் அல்ல, பறவை வேட்டை. இரண்டு கிளப்புகளுமே சிறிய மடிநாய்களுக்கு ‘டாய்’ என்று தனித் தொகுப்பு வைத்திருக்கின்றன. பொம்மை என்ற அந்தப் பெயர்தான் சிறிய நாய்களைப் பற்றிய பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

வேட்டைக்காரனின் உதவியாள்

லேப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. பெயர் மட்டும் பக்கத்து நிலப்பகுதியுடையது. அங்கே மீனவர்களோடு வாழ்ந்த கறுப்பு நாய்கள், தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் மிதக்கும் கயிற்றையும் உறையவைக்கும் கடலில் குதித்து எடுத்து வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரி, பக்ளூ ஆகிய பிரபுக் குடும்பங்கள் அவற்றை பிரிட்டனுக்குக் கொண்டுவந்து, சுட்ட பறவையை எடுத்துவரப் பழக்கின. 1903இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் லேப்ரடாரைத் தனி இனமாக ஏற்றது. கோல்டன் ரெட்ரீவரின் கதை ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. ட்வீட்மவுத் பிரபு என்பவர் கிசாகன் எஸ்டேட்டில் நூஸ் என்ற மஞ்சள் நிற ரெட்ரீவரையும் பெல் என்ற நீர் ஸ்பானியலையும் இணைசேர்த்தார். 1868இல் பிறந்த அந்தக் குட்டிகளிலிருந்து வந்ததே இன்றைய கோல்டன்.

இந்த வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்தால் வீட்டில் இவை நடந்துகொள்ளும் விதம் புரியும். நாள் முழுக்கச் சேற்றிலும் புதரிலும் நடக்கும் தெம்பு வேண்டும். எதையும் பல் பதியாமல் வாயில் கவ்வும் பழக்கம் வேண்டும். எல்லாவற்றையும்விட, எஜமானின் முகத்தைப் பார்த்து அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குணம் வேண்டும். கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டவும், விமான நிலையத்தில் மோப்பம் பிடிக்கவும் லேப்ரடார் விரும்பப்படுவது இந்தக் கடைசிக் குணத்தால்தான். செருப்பு, தலையணை உறை, காய்ந்துகொண்டிருக்கும் துண்டு என்று கண்டதையெல்லாம் கவ்விக்கொண்டு வந்து நிற்பது அந்தக் கவ்வும் பழக்கத்தின் மறுபக்கம். அது குறும்பு செய்வதாக வீட்டார் நினைப்பார்கள். நாயைப் பொறுத்தவரை அது வேலைக்கு வந்திருக்கிறது.

பிரிட்டிஷ் கென்னல் கிளப், லேப்ரடாருக்கும் கோல்டனுக்கும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. குளிர் நாட்டுக் கணக்கு அது. மே மாதச் சென்னையில் அப்படியே பின்பற்ற முடியாது. ஆனாலும் அளவு தெரிந்துகொள்ள உதவும். காலையில் பத்து நிமிடம் தெருமுனை வரை போய்வருவது இந்த நாய்க்கு நடை அல்ல, கழிப்பறைக்குப் போய்வருவது. மிஞ்சிய தெம்பு எங்காவது வெளிப்பட்டே தீரும். சோபா கிழியும், செடித்தொட்டி புரளும், வருகிறவர் மேலெல்லாம் தாவும். எட்டாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இது உச்சத்தில் இருக்கும். உடம்பு முழுநாயாகியிருக்கும், புத்தி இன்னும் குட்டியாகவே இருக்கும்.

லேப்ரடார் ரொம்ப சாது என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. உறவினர் வீட்டு வாசலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஆறு வயது லேப்ரடாரைப் பார்த்துத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். அந்த நாயின் முதல் இரண்டு வருடத்தை அவர்கள் பார்த்ததில்லை. அதன் சாதுத்தனத்தில் பாதி, பருமன்.

பருமனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லை. வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டில் அந்த மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. துண்டு விடுபட்ட நாய்க்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்குவதில்லை. தீனி காட்டி எளிதாகப் பழக்க முடிகிறது என்பது இதன் நல்ல பக்கம். சமையலறை வாசலில் தவம் கிடப்பது கெட்ட பக்கம். தாத்தா ஒரு இட்லி, பாட்டி ஒரு தோசை, பேரன் அரைப் பாக்கெட் பிஸ்கட் என்று ஆளுக்கொரு கையாகப் போடும் கூட்டுக்குடும்பத்தில் லேப்ரடார் நான்கு வயதிலேயே பீப்பாய் ஆகிவிடும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் கடைசிவரை கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. கூடப் பிறந்தவற்றைவிடக் கால்பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் சுமார் இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. மருந்து, மாத்திரை எதுவும் இல்லாமல் ஒரு நாய்க்கு இரண்டு வருட ஆயுளைக் கூட்டும் வழி கையில் இருக்கிறது. கடைப்பிடிக்கத்தான் மனம் வருவதில்லை.

இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் குறை பெரிய ரெட்ரீவர்களில் பரம்பரையாக வருவது. பளபளக்கும் டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி ஓடும் குட்டிக்கு அது இன்னும் சிரமம். தொங்கும் காது கொண்ட காக்கர், லேப்ரடார் இரண்டுக்கும் கடலோரப் புழுக்கத்தில் காதில் சீழும் அரிப்பும் அடிக்கடி வரும். முடி உதிர்வது பற்றிச் சொல்லவே வேண்டாம். கறுப்புப் புடவையும் மஞ்சள் லேப்ரடாரும் ஒரே வீட்டில் சேராது.

மடியே தொழிலாக

சிறிய துணை நாய்களுக்கு வேலையே கிடையாது என்பது தவறான எண்ணம். அவற்றின் வேலை மனிதனோடு இருப்பது. சீன அரண்மனைகளில் பெக்கிங்கீஸ் நாய்கள் அதற்காகவே வளர்க்கப்பட்டன. 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது அங்கே பிடிபட்ட ஒரு பெக்கிங்கீஸ் விக்டோரியா ராணிக்குப் பரிசாகப் போனது. கொள்ளையில் கிடைத்ததால் அதற்கு லூட்டி என்றே பெயர். பக்கும் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதுதான். ஷிட்சு, திபெத்தையும் சீன அரண்மனையையும் சேர்ந்தது. நூற்றாண்டுக் கணக்காக மனிதர்களின் அருகாமைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிராணி, காலை எட்டரைக்குப் பூட்டப்பட்ட வீட்டில் மாலை ஏழரை வரை தனியே கிடக்கும்போது தவித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. குரைப்பு, ஊளை, கதவுச் சட்டத்தைப் பிறாண்டுவது, பாதத்தை நக்கிப் புண்ணாக்கிக்கொள்வது எல்லாம் அந்தத் தவிப்பின் வடிவங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குச் சிறிய நாய்தான் தோது என்று விற்பவர்கள் சொல்வது இங்கேதான் பிசகுகிறது. துடிப்பான நாய் வீட்டாரின் கால்களைக் கேட்கிறது. மடிநாய் அவர்களின் பொழுதைக் கேட்கிறது. பகலெல்லாம் ஆளில்லாத வீடு இரண்டுக்குமே பொருந்தாது.

நடை விஷயத்தில் மடிநாய் சிக்கனம்தான். பக், ஷிட்சு போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை, பொமரேனியன், சிவாவாவுக்கு அரை மணி வரை போதும் என்பது அதே கென்னல் கிளப்பின் கணக்கு. மழைநாளில் கூடத்தில் ஒரு பந்தை உருட்டிவிட்டாலே ஷிட்சுவின் பாதித் தேவை தீர்ந்துவிடும். மிச்சமாகும் நேரம் சீப்பில் போகும். ஷிட்சுவின் முடி மனித முடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் வாராவிட்டால் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை கத்தரிக்கவும் வேண்டும். அதற்கான கூலியை வாங்கும்போதே மாதச் செலவில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் பக் மோகம் கிளம்பியது ஒரு விளம்பரத்தால். 2003இல் ஹட்ச் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்னாலேயே ஓடியது. சீக்கா என்ற அந்த நாயைப் பார்த்து நகரமெங்கும் பக் கேட்டார்கள்; விலை ஏறியது, கண்டபடி குட்டி போடவைக்கப்பட்டது. விளம்பரத்தில் மூச்சிரைப்பு தெரியவில்லை.

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். சூடு தணிவது பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான். நீண்ட மூக்கின் உள்ளே ஈரமான பரப்பு அதிகம். காற்று அதன் மேல் ஓடும்போது நீர் ஆவியாகி இரத்தம் குளிர்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு அந்தப் பரப்பு சுருங்கிவிட்டது, மூக்குத் துளை குறுகல், தொண்டையில் மெல்லண்ணம் நீண்டு மூச்சை மறிக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவதும் மந்தம். பிரிட்டனில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2020இல் வெளியான ஆய்வு, லேப்ரடாரோடு ஒப்பிட்டால் வெப்பத்தாக்கு அபாயம் பக்குக்கு மூன்று மடங்கு, பிரெஞ்சு புல்டாக்குக்கு ஆறு மடங்குக்கு மேல், புல்டாக்குக்குப் பதினான்கு மடங்கு என்று கண்டது. அதே பட்டியலில் நீள மூக்குள்ள கோல்டன் ரெட்ரீவருக்கும் இரண்டரை மடங்குக்கு மேல் அபாயம் இருந்தது, இரட்டை அடுக்கு ரோமம் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நாய்களில் பெரும்பாலானவை பூட்டிய காரில் சிக்கியவை அல்ல, ஓடவிடப்பட்டதால் சூடேறியவை என்பதும் கவனிக்க வேண்டியது. ஆக, வெயில் இரண்டு வகைக்கும் எதிரி. பக்கை அது உட்கார்ந்த இடத்திலேயே தாக்கும், கோல்டனைப் பந்தைத் துரத்தும்போது தாக்கும்.

ஏ.சி. இல்லாத வீட்டில் சப்பை மூக்கு நாயை வளர்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை. குறட்டையைக் கேட்டுச் சிரிக்கும் வீடுகள் உண்டு. பல நேரங்களில் அது மூச்சுத் திணறலின் சத்தம்.

இத்தனைக்கும் பிறகும் உலகம் சப்பை மூக்குப் பக்கமே சாய்கிறது. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் பதிவுகளில் 1991 முதல் 31 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த லேப்ரடாரை 2022இல் பிரெஞ்சு புல்டாக் கீழே இறக்கியது. நடக்கச் சோம்பல்படும் நகர வாழ்க்கைக்கு ஏற்ற நாய் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

மூக்கு நீண்ட சிறிய நாய்களுக்கும் தனித் தொல்லைகள் உண்டு. சின்னத் தாடையில் முழு எண்ணிக்கைப் பற்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் ஈறு நோய் சீக்கிரம் வரும். முழங்காலின் சில்லு நழுவி, நடக்கும்போது ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்துபோல இருமும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் இவற்றுக்கு அவசியம். இரண்டு கிலோ பொமரேனியன் சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் எலும்பு முறியலாம். நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் சிறிய நாய்தான் பாதுகாப்பு என்பார்கள். குழந்தைக்கு அது சரி, நாய்க்குச் சரியல்ல. தூக்கிப் போட்டு விளையாடும் குழந்தையிடம் மாட்டிய சிவாவா பயத்தில் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

அளவு ஏமாற்றும் இடங்கள்

சிறியது என்றால் அமைதி, பெரியது என்றால் ஓட்டம் என்ற கணக்கு பல இடங்களில் பொய்க்கும். ஜாக் ரஸ்ஸல் டெரியர் முழங்கால் உயரம்கூட இல்லை. இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்த வம்சம் அது. ஒரு லேப்ரடாரைக் களைக்க வைக்கும். டாஷண்ட் ஜெர்மனியில் வளைக்கரடியின் வளைக்குள் நுழையக் குட்டைக்கால் வைத்துப் படைக்கப்பட்டது. மடிநாய்போலத் தெரியும், ஆனால் பிடிவாதமும் குரலும் வேட்டை நாயினுடையவை. நீண்ட முதுகு காரணமாக முதுகுத்தட்டு நழுவும் நோய் அதற்கு அதிகம், மாடிப்படி ஆகாது. பீகிள் குட்டியின் கண்ணைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள், முயலின் தடத்தை மூக்கால் பின்தொடர்ந்து குரலெழுப்ப வளர்க்கப்பட்ட நாய் அது என்பதைப் பக்கத்து வீட்டுப் புகார் வந்த பிறகுதான் அறிகிறார்கள்.

எதிர்த்திசையில், கிரேஹவுண்ட் உயரமான நாய், உலகின் வேகமான நாய். ஒரு ஓட்டம் ஓடிவிட்டால் மிச்ச நாளெல்லாம் தூங்கும். தமிழ்நாட்டின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் கிரேஹவுண்டைப்போலப் பார்வையால் துரத்தும் வேட்டை நாய்க் குடும்பத்தின் சாயல் கொண்டவை. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் முயல் துரத்தியவை. ராஜபாளையத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005இல் தபால்தலையும் வெளியிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். எனவே லேப்ரடாரைப் போலவே இவையும் தொழில் இழந்தவை. வெயில் தாங்கும், முடி குறைவு, தீனி மிதம் என்று சாதகங்கள் உண்டு. ஆனால் ரெட்ரீவர்போல முகத்தைப் பார்த்துக் கட்டளைக்குக் காத்திருக்காது. தொலைவில் பூனை ஓடினால் கூப்பிடும் குரல் அதன் காதில் விழாது. அந்நியரை எளிதில் ஏற்காது. சுற்றுச்சுவர் வைத்த தோட்டமோ தோப்போ இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நாய் குறைவு. இரண்டு அறை ஃபிளாட்டுக்கு அல்ல. தூய வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய தமிழ்க் குடும்பங்களில் பொமரேனியன் என்று அழைக்கப்பட்ட வெள்ளை நாயில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். இந்திப் படமான ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ (1994) பார்த்தவர்களுக்கு டஃபியை நினைவிருக்கும், அதுவும் ஸ்பிட்ஸ்தான். அசல் பொமரேனியன் கைப்பைக்குள் அடங்கும். ஸ்பிட்ஸ் வகைகளின் முன்னோர் காவலுக்கும் இழுவைக்கும் வடபுலத்தில் வளர்க்கப்பட்டவை. தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும், காற்றைப் பார்த்தும் குரைக்கும். தனி வீட்டுக்கு அது அழைப்பு மணி. சுவரை ஒட்டிச் சுவர் உள்ள குடியிருப்பில் அது சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கான விஷயம். நாயின் அளவையோ இனத்தையோ காட்டி ஒரு குடியிருப்புச் சங்கம் நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் நிலை. சட்டம் பக்கத்தில் நின்றாலும் அண்டை வீட்டாரின் தூக்கம் வேறு விஷயம்.

இனத்தின் மேல் ஏற்றிச் சொல்லப்படும் குணங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனம் விளக்குகிறது என்பது அதன் முடிவு. சொன்னபடி கேட்பது போன்ற சில குணங்களில் இனத்தின் பங்கு கூடுதல். சட்டென்று சீறுவது போன்றவற்றில் மிகக் குறைவு. சோம்பேறி லேப்ரடாரும் உண்டு, ஓயாத ஷிட்சுவும் உண்டு. மூக்கின் நீளம், ரோமத்தின் அடுக்கு, உடம்பின் எடை ஆகியவற்றில் மட்டும் இந்த விலக்கு கிடையாது. ஆகவே இனத்தைப் பார்த்து உடம்பை முடிவு செய்யலாம். சுபாவத்துக்குத் தாயையும் அந்தக் குட்டியையும் பார்க்க வேண்டும்.

வீட்டின் கணக்கு

நாயை அளக்குமுன் வீட்டை அளக்கலாம். சதுர அடியை அல்ல, நேரத்தை. ஐந்தரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடக்க யார் இருக்கிறார், அவர் ஊருக்குப் போனால் யார், தேர்வுக் காலத்தில் யார்? பிள்ளைகள் நாயைப் பார்த்துக்கொள்வோம் என்று சத்தியம் செய்வார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அந்த வேலை அம்மாவிடம் வந்து சேரும். ஆகவே அம்மாவுக்கு எந்த நாயோடு நடக்க முடியும் என்பதுதான் உண்மையான கேள்வி. வளர்ந்த ஆண் லேப்ரடார் 29 முதல் 36 கிலோ. பழகாத அந்த எடை சங்கிலியின் மறுமுனையில் திடீரென்று பாய்ந்தால் அறுபது வயதுக்காரர் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆறேழு கிலோ ஷிட்சு இழுத்தால் செருப்புகூடக் கழலாது. ஆனால் காலடியில் நுழைந்து இடறவைக்கும். மூத்தவர்கள் இருக்கும் வீட்டில் கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டுவது பழைய, நல்ல உபாயம்.

தமிழ்நாட்டில் நடைக்கு ஏற்ற பொழுது சூரியன் ஏறுமுன், அல்லது தார் ஆறிய பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதம் பொசுங்கும். துடிப்பான நாய்க்குப் பகலில் கால்களுக்குப் பதிலாக மூக்குக்கு வேலை கொடுக்கலாம். அதன் காலைத் தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் பழைய துணிச் சுருளுக்குள்ளும் அட்டைப்பெட்டிகளுக்குள்ளும் ஒளித்துத் தேடவிட்டால், இருபது நிமிடத் தேடல் நீண்ட நடைபோலக் களைப்பைத் தரும். ஏரிக்கரையோ சுத்தமான குளமோ பக்கத்தில் இருந்தால் ரெட்ரீவருக்கு நீச்சலைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. மூட்டில் பாரம் விழாது, உடம்பும் சூடாகாது. நீந்தியபின் காதைத் துடைக்க மறக்கக்கூடாது. புல்லில் புரண்டு வரும் நாயின் விரலிடுக்கிலும் காதுமடலிலும் உண்ணி தேடுவது தினசரி வேலை. உண்ணிக் காய்ச்சல் இங்கே நாய்களை அடிக்கடி படுக்கவைக்கிறது.

சிறிய நாய்க்குப் பயிற்சி வேண்டாம் என்று விட்டுவிடுவது பரவலான தவறு. தாவினால் தூக்கிக்கொள்கிறார்கள், உறுமினால் சிரிக்கிறார்கள், வேறு நாய் எதிர்ப்பட்டால் இடுப்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். முப்பது கிலோ நாய் செய்தால் பயிற்சியாளரைக் கூப்பிடும் காரியத்தை மூன்று கிலோ நாய் செய்தால் செல்லம் என்கிறார்கள். குட்டி உலகத்தைப் பழகும் முக்கியமான காலம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நூல் இதை நிலைநாட்டியது. அந்த வாரங்களில் ஆட்டோ சத்தம், பட்டாசு, குழந்தைகள், தலைக்கவசம் போட்ட ஆள் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்த குட்டி, எந்த இனமானாலும், பிறகு சமாளிக்கும்.

செலவு எடையோடு ஏறும். தீனி மட்டுமல்ல, மயக்க மருந்து, பூச்சி மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாமே கிலோ கணக்கு. லேப்ரடாரின் மருந்துச் சீட்டு ஷிட்சுவுடையதைப்போல நாலைந்து மடங்கு நீளும். ஆயுள் எதிர்த்திசையில் போகிறது. பெரிய ரெட்ரீவர்கள் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. மூக்கு நீண்ட சிறிய நாய்கள் பதினான்கு, பதினைந்தையும் தொடும். நாயின் உயரத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு வகிக்கும் மரபணு ஐ.ஜி.எஃப்-1 என்று 2007இல் தெரியவந்தது. வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பைக் குறைக்கும் அதன் வடிவம் மனிதன் படைத்ததல்ல. 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சைபீரிய ஓநாயின் எச்சத்திலேயே இருந்தது. எண்ணிப் பார்க்க வேண்டியது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்காக வாங்கும் பொமரேனியன், அந்தப் பிள்ளை வேலைக்குப் போய் வெளிநாட்டில் இருக்கும்போதும் பெற்றோர் வீட்டில் இருக்கும்.

சமையலறையில் இரண்டு வகைக்கும் ஒரே விதி, ஆனால் அளவு வேறு. வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. லேப்ரடாருக்கு வயிற்றுப்போக்கோடு தப்பக்கூடிய அளவு சாக்லேட், சிவாவாவுக்கு உயிர்ப்பிரச்சினை. பண்டிகை நாளில் பாயசக் கிண்ணத்தை நக்கவிடுவது எந்த நாய்க்கும் ஆகாது, அதில் மிதப்பது முந்திரி மட்டுமல்ல.

குட்டியும் வளர்ந்த நாயும்

2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து விற்பதெல்லாம் இதற்குப் புறம்பானவை. ‘டீகப்’ என்று சொல்லி விற்கப்படுவது ஓர் இனமே அல்ல. பெரும்பாலும் வளர்ச்சி குன்றிய குட்டி, சில நேரம் வயதைக் கூட்டிச் சொல்லப்பட்ட பால்குட்டி. இவற்றுக்கு இரண்டு வேளை தீனி தவறினாலே இரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். தாயைக் காட்டச் சொல்வதுதான் வாங்குபவரின் வலுவான சோதனை. சப்பை மூக்கு இனமானால் தாய் ஐந்து நிமிடம் நடந்தபின் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்க வேண்டும். ரெட்ரீவரானால் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே கேட்க வேண்டும். இரண்டும் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் வாங்காமல் திரும்பலாம்.

இரண்டு பக்கமும் மனம் ஒப்பாதவர்களுக்கு இடையிலும் வழி உண்டு. ஸ்பானியல் வம்சத்திலிருந்து மடிக்கு வந்த கவாலியர் கிங் சார்லஸ் ஓர் இணக்கமான நாய், ஆனால் இதய வால்வு நோய் அந்த இனத்தைப் பீடித்திருக்கிறது. இந்தத் தட்பவெப்பத்துக்கென்றே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பதப்பட்டது நாட்டு நாய். மூக்கு நீளம், முடி குட்டை, எடை பெரும்பாலும் பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில். மடிநாயைவிட அதிகம் நடக்கும், லேப்ரடாரைவிடக் குறைவான நடையே கேட்கும். சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் குட்டிகளோடு, ஒன்றிரண்டு வயதான நாய்களும் தத்துக்குக் காத்திருக்கின்றன. குட்டியை எடுப்பவர் இனத்தையும் தாயையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயிடம் ஊகம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் மாலை அதனோடு நடந்து பார்த்தாலே இழுக்கிறதா, இரைக்கிறதா, குழந்தையைக் கண்டு வாலை ஆட்டுகிறதா, அரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறதா என்பது தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த வாரத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மற்றத் தடுப்பூசிகள், குடற்புழு மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும். சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது; இரண்டு கிலோ பொமரேனியனுக்கும் முப்பது கிலோ லேப்ரடாருக்கும் விண்ணப்பம் ஒன்றே.